வீட்டில் மின்சாரத்தைத் தின்பது எது?



புதிதாக வீடு கிடைத்துக் குடியேறும் எமது குடும்பங்களுக்கு, முதலாவது குளிர்காலம் முடிந்து வருகின்ற மின்சாரப் பட்டியல் ஒரு பேரிடியாகவே வந்து விழுகின்றது. வாடகை இவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். சீட்டுக் காசு எவ்வளவு, ஊருக்கு அனுப்புவது எவ்வளவு என்பதும் தெரியும். மின்சாரம் மட்டும் எவ்வளவு என்று பட்டியல் கைக்கு வரும்வரை எவருக்கும் தெரிவதில்லை.

லாச்சப்பலில் மரக்கறிக் கடையிலும் முடிவெட்டும் கடையிலும் எம்மவர்கள் கூடிநின்று கதைக்கும்போது இந்தக் கதை அடிக்கடி வருகின்றது. "தம்பி, லைற்றெல்லாம் நிப்பாட்டித்தானே வைக்கிறம், பிறகேன் இவ்வளவு காசு?" என்று ஓர் அன்ரி அண்மையில் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அவருடைய வீட்டில் பிள்ளைகள் அறையைவிட்டு வெளியே வரும்போது லைற்றை அணைக்க மறந்தால் ஏச்சு விழும். ஆனால் அதே அறையில் யன்னலுக்குக் கீழே உள்ள ஹீற்றர் காலை தொடக்கம் இரவுவரை எரிந்துகொண்டிருக்கும். அதனை எவரும் ஏசுவதில்லை. ஏனெனில் அது வெளிச்சம் தருவதில்லை. அது எரிவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: வீட்டில் மின்சாரத்தை அதிகம் தின்பது வெளிச்சம் அல்ல, சூடு. எது எவ்வளவு தின்கிறது என்று கணக்குப் பார்க்கப் பழகினால், குளிரில் நடுங்காமலும் பிள்ளைகளை இருட்டில் இருத்தாமலும் பட்டியலைக் குறைக்கலாம். நான் பொறியியலாளன் அல்லன். சாதாரணதரத்தோடு படிப்பை நிறுத்தி, இங்கே தொழிற்சாலையில் வேலை செய்பவன். ஆனால் இந்தக் கணக்குக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

எண்ணெயை அளந்து எரித்தவர்கள் நாம்

சிக்கனம் எமக்குப் புதிய பாடமல்ல. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்ட பின்னர் யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் சாதாரண மக்களுக்கு எட்டாத விலை. அப்போதுதான் ஜாம் போத்தல் விளக்கு வீட்டுக்கு வீடு வந்தது. வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சிறிய திரி ஒன்றை நிறுத்தி எரித்தார்கள். போத்தலின் கண்ணாடியே காற்றுக்குத் தடுப்பு. அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் எத்தனையோ பேர். செய்தி கேட்பதற்குச் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியை இயக்கினார்கள். வன்னியில் வளர்ந்த நானும் குப்பி விளக்கில் படித்தவன்தான்.

அந்த விளக்கில் ஒரு வசதி இருந்தது. எண்ணெய் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எரிந்துவிட்டது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. திரியைச் சற்றுக் கூட்டினால் அம்மா உடனே கண்டுபிடித்துவிடுவார். இங்கே மின்மானி வாசலுக்குப் பக்கத்துப் பெட்டிக்குள்ளோ மாடிப்படி அலுமாரிக்குள்ளோ இருக்கின்றது. பணம் வங்கியிலிருந்து தானாகக் கழிகின்றது. கண்ணுக்குத் தெரியாததை எவ்வாறு சிக்கனம் செய்வது? ஆகவே முதலில் அதனைக் கண்ணுக்குத் தெரிய வைக்க வேண்டும்.

யூனிற் கணக்கு

1000 வாற் இழுக்கும் ஒரு பொருள் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிற். பிரெஞ்சுப் பட்டியலில் கிலோவாற் மணி என்று எழுதப்பட்டிருப்பது இதுதான். ஈ.டி.எப். நிறுவனத்தின் அரச கட்டணத்தில் 2025ஆம் ஆண்டு ஒரு யூனிற் வரிகளுடன் ஏறக்குறைய 20 சதமாக இருந்தது. இந்தக் கட்டுரையில் 20 சதம் என்றே கணக்கிடுகிறேன். உங்கள் பட்டியலில் விலை சற்றுக் கூடிக் குறைந்திருக்கலாம்.

ஒவ்வொரு பொருளின் பின்பக்கத்திலும் அடியிலும் எத்தனை வாற் என்று எழுதியிருக்கும். அதனை ஓடும் மணித்தியாலத்தால் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் யூனிற் வந்துவிடும். சில உதாரணங்களைப் பார்ப்போம்.

9 வாற் எல்.ஈ.டி. மின்குமிழ் நாளுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் ஆண்டுக்கு 16 யூனிற்; ஏறக்குறைய 3 யூரோ.

பழைய 60 வாற் குமிழ் அதே நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 110 யூனிற், 22 யூரோ.

1990களில் பிரெஞ்சு வீடுகள் எங்கும் இருந்த, கூரையை நோக்கி எரியும் 300 வாற் ஹலோஜன் நிலைவிளக்கு நாளுக்கு 4 மணித்தியாலம் எரிந்தால் ஆண்டுக்கு 438 யூனிற், 88 யூரோ. வீடு மாறுபவர்கள் விட்டுச் செல்வதை "நல்ல சாமான்" என்று தூக்கிவருபவர்கள் இதனைக் கவனிக்கவும்.

1500 வாற் ஹீற்றர் ஒன்று நாளுக்கு 6 மணித்தியாலம் உண்மையாகச் சூடேறினால், குளிர்காலத்தின் 150 நாட்களுக்கு 1350 யூனிற், 270 யூரோ. இரண்டு ஹீற்றர் என்றால் 540 யூரோ.

எல்.ஈ.டி. குமிழையும் ஹீற்றரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ஹீற்றரின் ஒரு மணித்தியாலச் செலவில் அந்தக் குமிழ் 166 மணித்தியாலம் எரியும். பிள்ளை லைற்றை அணைக்க மறந்ததற்கு ஏசுவதை விட்டு, யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஹீற்றர் எரிகிறதா என்று பார்ப்பது மேல்.

லிங்கி மின்மானியை வாசியுங்கள்

2015ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம் 2021வரை பிரான்சில் பெரும்பாலான வீடுகளுக்கு லிங்கி என்ற இளம்பச்சை நிற மின்மானி பொருத்தப்பட்டது. அதில் கூட்டல் அடையாளமுள்ள பொத்தானை அமுக்கிக்கொண்டு போனால், மொத்த யூனிற்றும், அந்த நேரத்தில் வீடு எவ்வளவு இழுக்கிறது என்பதும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு சேர்ந்து இதனைச் செய்து பாருங்கள். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எண்ணைக் குறியுங்கள். பின்னர் தண்ணீர் கொதிக்கும் கேத்திலைப் போடுங்கள். எண் ஏறக்குறைய 2000 ஆகத் துள்ளும். அதனை நிறுத்திவிட்டு அறை லைற்றைப் போடுங்கள். எண் அசைந்ததே தெரியாது. பத்து நிமிடத்தில் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். நாள் கணக்கு, மாதக் கணக்கு என்று இணையத்திலும் பார்க்கலாம். பிரெஞ்சு தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள்.

சூடு: பெரிய வாய் இதுதான்

பிரான்சில் வீட்டைச் சூடாக்குவதற்குரிய அளவாக 19 பாகை சட்டத்திலேயே குறிப்பிடப்பட்டுள்ளது. படுக்கையறைக்கு 17 பாகை போதும் என்பதே இங்கு வழமையாகத் தரப்படும் ஆலோசனை. ஒரு பாகை குறைத்தால் சூடாக்கும் செலவில் சுமார் 7 வீதம் மிச்சமாகும் என்று பிரெஞ்சு அரசின் சூழல், எரிசக்தி நிறுவனமான அடெம் சொல்கின்றது. எமது வீடுகளில் 23, 24 பாகையில் ஒரு சேட்டுடன் இருக்கப் பார்க்கிறோம். ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு 20க்கு இறக்கினாலே பட்டியலில் வித்தியாசம் தெரியும். ஆனால் கைக்குழந்தையும் வயதான பெற்றோரும் உள்ள வீட்டில் குளிரை விளையாட்டாக எடுக்கக்கூடாது. அவர்கள் இருக்கும் அறையைச் சூடாக வைத்துக்கொண்டு, ஆளில்லாத அறையில் குறையுங்கள்.

பகலில் எல்லோரும் வேலைக்கும் பாடசாலைக்கும் போய்விட்டால் ஹீற்றரைக் குறைத்துவிட்டுப் போங்கள். இருட்டியதும் யன்னல் கதவுகளையும் திரைகளையும் மூடுங்கள். கதவின் கீழ் இடைவெளிக்கு ஒரு பழைய சேலையைச் சுருட்டி வைத்தாலும் போதும். ஹீற்றருக்கு மேல் துணி காயப்போடாதீர்கள். அது சூட்டை அடைக்கும். தீ விபத்துக்கும் வழி.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. குளிர் வருகிறது என்று குசினியிலும் குளியலறையிலும் உள்ள காற்றோட்டத் துவாரங்களைப் பேப்பராலும் ரேப்பாலும் அடைப்பவர்கள் எம்மிடையே உள்ளனர். தயவுசெய்து அதனைச் செய்யாதீர்கள். கறி கொதிக்கும் ஆவியும் துணி காயும் ஈரமும் வெளியேற வழியின்றிச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். பிள்ளைக்கு இழுப்பு வருவதற்கு அது ஒரு காரணம். வாயுவில் எரியும் அடுப்போ தண்ணீர்ச் சூடாக்கியோ உள்ள வீட்டில் துவாரத்தை அடைத்தால் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு தேங்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே உயிரைப் பறிக்கும். கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டி அறையைச் சூடாக்குவதும் அதே ஆபத்துத்தான். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடியும் வாந்தியும் வந்தால் யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 18 அல்லது 112க்கு அழையுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் ஹீற்றரை நிறுத்திவிட்டு யன்னலைத் திறந்துவையுங்கள். ஈரக் காற்றைவிட உலர்ந்த காற்று விரைவில் சூடாகும்.

இன்னொன்று. "இந்தச் சின்ன ஹீற்றரைப் பிளக்கில் கொழுவினால் பாதிக் காசுதான்" என்று விளம்பரம் செய்து விற்கிறார்கள். கம்பி சூடாகி வேலைசெய்யும் எந்த ஹீற்றரும் ஒரு யூனிற்றுக்கு ஒரே அளவு சூட்டைத்தான் தரும். பெரியதும் அப்படித்தான், சிறியதும் அப்படித்தான். நல்ல ஹீற்றரின் சிறப்பு, வேண்டிய பாகை வந்ததும் சரியாக நின்றுவிடுவது. பிளக்கில் கொழுவினாலே மின்சாரம் மிச்சமாகும் என்று விற்கும் சிறு பெட்டிகளும் வெறும் ஏமாற்று.

சுடுதண்ணீர்

மின்சாரத்தில் சுடும் தண்ணீர்த் தாங்கியை இங்கே குமுலூஸ் என்பார்கள். 50 லீற்றர் தண்ணீரில் ஒருவர் குளித்தால் ஏறக்குறைய ஒன்றரை யூனிற், 30 சதம். குளியல் தொட்டியை 150 லீற்றரால் நிரப்பினால் அதன் மூன்று மடங்கு, 90 சதம். நான்கு பேர் நாள்தோறும் தொட்டியில் குளித்தால் மாதம் 100 யூரோவைத் தாண்டும். ஷவரில் சுருக்கமாகக் குளித்தால் 36 யூரோ. சவர்க்காரம் போடும்போது தண்ணீரை மூடச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

குமுலூஸின் சூட்டை 55 தொடக்கம் 60 பாகைக்குள் வைத்தால் போதும். அதற்குக் கீழே இறக்கவும் வேண்டாம். தண்ணீரில் லெஜியொனெல்லா என்ற கிருமி வளரும்.

உங்கள் ஒப்பந்தத்தில் மலிவு நேரம், அதாவது எர் குறூஸ் இருந்தால், மின்பெட்டியில் குமுலூஸுக்குரிய சுவிற்ச் தானியங்கி நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். எவராவது அதனை 1 என்ற நிலைக்குத் தள்ளிவிட்டால் தாங்கி விலை கூடிய நேரத்திலும் சுடும். மலிவு நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம். 2025 நவம்பர் தொடக்கம் பல வீடுகளுக்கு அதில் ஒரு பகுதி பிற்பகலுக்குப் படிப்படியாக மாற்றப்படுகின்றது. உங்கள் நேரம் எதுவென்று பட்டியலில் அச்சிடப்பட்டிருக்கும். அதனைப் பார்த்துக் குசினிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: இந்த ஒப்பந்தத்தில் மற்றைய நேரத்தில் விலை கூட. மொத்தப் பாவனையில் குறைந்தது மூன்றிலொரு பங்காவது மலிவு நேரத்தில் ஓடாவிட்டால் எமக்கு இலாபமில்லை. குமுலூஸ் இல்லாத சின்ன வீட்டுக்கு ஒரே விலை ஒப்பந்தமே பெரும்பாலும் நல்லது.

குளிர்சாதனப் பெட்டி

ஆண்டு முழுவதும் இரவு பகலாக ஓடும் ஒரே பெரிய பொருள் இதுதான். நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு குளிரறை உண்டு. அதன் கதவு கொஞ்ச நேரம் திறந்து கிடந்தாலே மணி அடிக்கும், மேற்பார்வையாளர் ஓடிவருவார். உள்ளே நுழையும் சூட்டை வெளியேற்றக் காசு செலவாகும் என்பது முதலாளிக்குத் தெரியும். எமது வீட்டுப் பெட்டிக்கு மணி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்டியை அடுப்புக்கும் ஹீற்றருக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் காற்றுப்போக இடம் விடுங்கள். கறியை ஆறவிட்டு மூடிவையுங்கள். உட்பெட்டிக்கு 4 பாகை, உறைபெட்டிக்குக் கழித்தல் 18 பாகை போதும். மீனும் ஆட்டிறைச்சியும் வாங்கி அடைந்துவைப்பது எம்மவர் வழக்கம். ஆனால் உறைபெட்டியில் பனி தடித்தால் மின்சாரம் வீணாகும். சில மாதங்களுக்கு ஒருமுறை நிறுத்திப் பனியை உருக்குங்கள். கத்தியால் குத்த வேண்டாம்.

புதிதாகக் குடியேறுபவர்கள் பழைய பெட்டியை 50 யூரோவுக்கு வாங்குவது இயல்பு. முதல் ஆண்டில் வேறு வழியும் இருக்காது. ஆயினும் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 450 யூனிற் இழுக்கும் பழைய பெட்டிக்கும் 180 யூனிற் இழுக்கும் புதிய பெட்டிக்கும் வித்தியாசம் 270 யூனிற், 54 யூரோ. ஆறேழு ஆண்டில் புதிய பெட்டியின் விலையே வந்துவிடும். ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள் என்று இரண்டாவது பெட்டி வாங்கி, அவர்கள் திரும்பிய பின்னரும் அரைவெறுமையாக ஓடவிடுவதுதான் பெரிய வீண்செலவு.

ஏ முதல் ஜி வரை

ஐரோப்பாவில் 1995ஆம் ஆண்டு தொடக்கம் குளிர்சாதனப் பெட்டிகளில் பச்சை முதல் சிவப்பு வரையான நிறப்பட்டைகள் உள்ள அட்டை ஒட்டப்படுகின்றது. பச்சையிலுள்ள ஏ சிறந்தது, சிவப்பிலுள்ள ஜி மோசமானது. பொருட்கள் முன்னேறிய பின்னர் ஏ+, ஏ++, ஏ+++ என்று எழுத்துக்குப் பின்னால் சக அடையாளங்கள் கூடிக்கொண்டே போயின. மக்கள் குழம்பியதால் 2021 மார்ச் 1 தொடக்கம் மீண்டும் வெறும் ஏ முதல் ஜி வரை என்று கடுமையான அளவுக்கு மாற்றினார்கள். ஆகவே கடையில் சி அல்லது டி என்று இருந்தால் கெட்ட பொருள் என்று ஓடிவிடாதீர்கள். பழைய அட்டையின் ஏ+++ பல, புதிய அட்டையில் அந்த இடத்திலேயே நிற்கின்றன.

எழுத்தைவிட முக்கியம் அட்டையின் நடுவில் உள்ள எண். குளிர்சாதனப் பெட்டிக்கு அது ஆண்டுக்குரிய யூனிற். சலவை இயந்திரத்துக்கு 100 தடவை தோய்ப்பதற்குரிய யூனிற். அதனை 20 சதத்தால் பெருக்கி, விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மலிவான பொருள் எது என்று அப்போதுதான் தெரியும். புதியதை வாங்கும்போது பழையதைக் கடைக்காரர் இலவசமாக எடுத்துச்செல்ல வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள்.

சமையலும் தோய்ப்பும்

பானையை மூடிச் சமையுங்கள். பருப்பு, கடலை, ஆட்டிறைச்சிக்குப் பிரஷர் குக்கர் பாவியுங்கள். கடலையை முதல்நாள் இரவே ஊறவைப்பது அம்மாமார் செய்ததுதான். அது மின்சாரச் சிக்கனமும் கூட. தேநீருக்கு இரண்டு கோப்பைத் தண்ணீர் வேண்டுமென்றால் இரண்டு கோப்பை மட்டும் கொதிக்கவையுங்கள். சோறு வெந்த பின்னர் ரைஸ் குக்கரை மாலைவரை சூட்டில் விடாமல் பிளக்கைக் கழற்றுங்கள்.

சலவை இயந்திரத்தில் செலவு சுற்றுவதற்கு அல்ல, தண்ணீரைச் சுடவைப்பதற்கு. 30 பாகையில் தோய்ப்பது 90 பாகையில் தோய்ப்பதைவிட மூன்று மடங்கு குறைந்த மின்சாரம் எடுக்கும். நிறைத்துப் போடுங்கள். மலிவு நேரம் என்று நள்ளிரவில் இயந்திரத்தை ஓடவிட்டால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். காலையில் முடியும்படி நேரத்தை வையுங்கள்.

வெளிச்சம்

வெளிச்சம் சின்ன வாய்தான். ஆனாலும் அடைப்பது சுலபம். ஐரோப்பிய ஒன்றியம் 2009க்கும் 2012க்கும் இடையில் பழைய இழைக் குமிழ்களைப் படிப்படியாகச் சந்தையிலிருந்து நீக்கியது. 2018 செப்டெம்பரில் சாதாரண ஹலோஜன் குமிழ்களும் நிறுத்தப்பட்டன. பழைய குமிழ் இழுக்கும் மின்சாரத்தில் சுமார் 5 வீதமே வெளிச்சமாகும். மீதி சூடாகவே போய்விடும். எல்.ஈ.டி. குமிழ் வாங்கும்போது வாற்றைப் பார்க்காமல் லூமன் என்ற எண்ணைப் பாருங்கள். சுமார் 800 லூமன் என்றால் பழைய 60 வாற் குமிழின் வெளிச்சம். பிள்ளை படிக்கும் மேசைக்கு அதனைவிடக் குறைய வேண்டாம்.

இங்கே குமிழ்களில் இரண்டு வகை அடி உண்டு: திருகுவது ஒன்று, ஊரிலுள்ளதுபோல இரண்டு முனையோடு கொழுவுவது மற்றொன்று. கடைக்குப் போகும்போது பழைய குமிழைக் கையோடு கொண்டுபோங்கள்.

சாமிப்படத்துக்கு முன் இரவு பகலாக எரியும் சின்னச் சிவப்புக் குமிழ் பழைய 15 வாற் என்றால் ஆண்டுக்கு 131 யூனிற், 26 யூரோ. ஒரு வாற் எல்.ஈ.டி. என்றால் 2 யூரோவுக்கும் குறைவு. பிள்ளையார் கோபிக்க மாட்டார். இதுபோலவே இணையப் பெட்டி 10 வாற் என்றால் ஆண்டு முழுவதும் 17 யூரோ. தொலைக்காட்சி, தமிழ் அலைவரிசைப் பெட்டி எல்லாவற்றையும் சுவிற்ச் உள்ள ஒரே பிளக்குப் பலகையில் கொழுவி, படுக்கும்போது ஒரே தட்டில் நிறுத்துங்கள். ஹீற்றரை மட்டும் அந்தப் பலகையில் கொழுவாதீர்கள். வயர் உருகித் தீப்பிடிக்கும்.

பட்டியல் ஒரு பத்திரம்

மின்சாரப் பட்டியல் காசுக் கணக்கு மட்டுமல்ல. பிரிபெக்சரிலும் வங்கியிலும் பாடசாலையிலும் நாம் இந்த முகவரியில் வாழ்கிறோம் என்பதற்கு அத்தாட்சியாகக் கொடுப்பது அதுதான். ஆகவே வீடு கிடைத்த நாளிலேயே ஒப்பந்தத்தை உங்கள் பெயரில் எடுங்கள். இன்னொருவர் பெயரில் ஓடவிட்டால் காசு உங்களுடையது, பத்திரம் அவருடையது.

பட்டியலில் சந்தாவும் உண்டு. 3, 6, 9 என்று எடுக்கும் வலுவுக்கேற்ப அது கூடும். மெயின் சுவிற்ச் விழுகிறது என்று உடனே 9க்குப் போகாதீர்கள். அடுப்பு, சலவை இயந்திரம், ஹீற்றர் மூன்றையும் ஒரே நேரத்தில் போடாமல் இருந்தாலே பல வீடுகளுக்கு 6 போதும்.

2007 யூலை தொடக்கம் வீடுகள் விரும்பிய நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கலாம். நிறுவனம் மாறுவது இலவசம். ஆனால் வாசலுக்கு வந்து "பட்டியலைக் காட்டுங்கள்" என்று கேட்பவருக்குக் காட்டாதீர்கள். அதிலுள்ள 14 இலக்க எண்ணைக் கொண்டே ஒப்பந்தத்தை மாற்றிவிடுவார்கள். பிரெஞ்சு விளங்காமல் கையெழுத்து வைத்திருந்தால் 14 நாட்களுக்குள் எழுத்துமூலம் விலகலாம், தண்டம் இல்லை. 14 மாதங்களுக்கு முந்திய பாவனைக்குத் திடீரென்று காசு கேட்பதற்கும் பொதுவாக அனுமதி இல்லை.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 2018 தொடக்கம் பிரான்ஸ் முழுவதும் செக் எனெர்ஜி கொடுக்கப்படுகின்றது. குடும்ப அளவுக்கும் வருமானத்துக்கும் ஏற்ப 48 தொடக்கம் 277 யூரோ. வருமானம் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் வரி அறிக்கை நிரப்பியிருக்க வேண்டும். ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தகுதி இருந்தும் வராவிட்டால் அதற்குரிய அரச இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். வந்த செக்கை விளம்பரக் கடிதம் என்று எறிந்தவர்களும் உண்டு. கடிதங்களைப் பிரித்துப் படியுங்கள்.

கட்ட முடியாமல் போனால் ஒளிக்க வேண்டாம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மின்சாரத்தை முற்றாக வெட்ட முடியாது. வலுவைக் குறைக்க மட்டும் முடியும். ஆனால் கடன் அழியாது. நிறுவனத்துக்கு எழுதித் தவணை கேளுங்கள். சமூகப் பணியாளரிடம் சொன்னால் வீட்டு உதவி நிதியான எப்.எஸ்.எல்.லுக்கு விண்ணப்பிக்க உதவுவார். நிறுவனத்தோடு பிணக்கு என்றால் எரிசக்திக்கான தேசிய மத்தியஸ்தரின் இலவச இலக்கம் 0 800 112 212.

வீடே குளிரை அடைக்காவிட்டால் நாம் என்ன சிக்கனம் செய்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் அள்ளும் கதைதான். அதற்கும் சட்டம் உண்டு. வாடகைக்கு விடுபவர் வீட்டின் எரிசக்தித் தரத்தைக் காட்டும், ஏ முதல் ஜி வரையான பத்திரத்தைத் தர வேண்டும். 2025 சனவரி 1 தொடக்கம் ஜி தரமுள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2022 ஆகஸ்ட் தொடக்கம் எப், ஜி வீடுகளுக்கு வாடகை கூட்டவும் முடியாது. கையெழுத்து வைக்கமுன் அந்த எழுத்தைக் கேளுங்கள். வாடகை 30 யூரோ குறைவு என்று எடுத்த வீடு, குளிர்காலத்தில் அதைவிடக் கூடுதலாகத் தின்றுவிடலாம்.

இந்த வாரமே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். மின்மானியின் எண்ணை ஒரு கொப்பியில் குறியுங்கள். அடுத்த வாரம் அதே நாளில் மீண்டும் குறியுங்கள். ஹீற்றரை ஒரு பாகை இறக்குங்கள். பட்டியலில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மிச்சம் பிடிக்கும் காசு பிள்ளையின் குளிர்ச் சப்பாத்தாகவோ ஊரிலிருக்கும் அம்மாவின் மருந்தாகவோ போய்ச் சேரட்டும். நாம் இரவு பகலாகப் பாடுபட்டு உழைக்கும் காசு அது.